பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் டீச்சர்

ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் தையல் பயிற்சித் துணியைக் கொண்டுபோய் நீட்டினான். டீச்சர் வாங்கி முன்பக்கத்தை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் திருப்பி, பின்பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். தையல் அவ்வளவு நேர்த்தி. ஓட்டத் தையல் ஒவ்வொன்றும் அளந்து வைத்த மாதிரி இருந்தது. ஆனால் முடிவில் முடிச்சு இல்லை. அதே இடத்தில் நூலை இரண்டு மூன்று முறை ஓட்டி நிறுத்தியிருந்தது. நம் ஊர் அம்மாக்கள் பலர் அப்படித்தான் முடிப்பார்கள். வகுப்பில் சொல்லிக்கொடுத்தது வேறு. தையல் முடியும் இடத்தில் ஊசியைப் படுக்க வைத்து, நூலை அதில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு ஊசியை இழுக்க வேண்டும். துணியோடு ஒட்டி ஒரு சின்ன உருண்டை விழும். அதற்குப் பெயர் 'தமதொமே'.

"இங்கே ஒரு தமதொமே போட்டுக் காட்டு" என்றார் டீச்சர். பையன் என்னைப் பார்த்தான். டோக்கியோவின் கிழக்குப் பகுதிப் பள்ளிகளில், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மொழி உதவி செய்வது என் வேலை. அந்த நிமிடம் மொழிபெயர்க்க ஒன்றுமே இல்லை. அவனுடைய ஜப்பானிய மொழி என்னுடையதைவிடச் சரளம்.

டீச்சர் திட்டவில்லை. வேறொரு துண்டுத் துணியும் கொஞ்சம் நூலும் கொடுத்து, "முதலிலிருந்து" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் அவன் அம்மாவிடம் கேட்டேன். எங்கள் அடுக்குமாடியில்தான் இருக்கிறார்கள். "ஆமாக்கா, நான்தான் தைச்சேன். மறுநாள் கணக்கு டெஸ்ட். இவன் ஊசியும் நூலுமா ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தான், பாவமா இருந்துச்சு. இதெல்லாம் ஒரு சப்ஜெக்ட்டாக்கா?"

வருடத்துக்கு இரண்டு மூன்று பெற்றோராவது இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். டோக்கியோவின் கிழக்கே நிஷிகசாய் பக்கம் நம் ஆட்கள் நிறைய. இந்தியப் பள்ளிகளுக்கு அனுப்பாமல் ஜப்பானிய அரசுப் பள்ளிகளில் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாடத்தின் பெயர் 'கத்தேக்கா'. நம் ஊர்ப் பள்ளிகளில் மனையியல் என்பார்களே, கிட்டத்தட்ட அது. ஆனால் அங்கே அது பெண்கள் எடுக்கும் குரூப் என்றே பேச்சு. இங்கே ஐந்தாம் வகுப்பு தொடங்கி உயர்நிலைப் பள்ளி வரை ஆண், பெண் எல்லோருக்கும் கட்டாயம். ஐந்தாம் வகுப்பில் வருடத்துக்கு 60 பீரியட், ஆறாம் வகுப்பில் 55. ஒரு பீரியட் 45 நிமிடம். வாரத்துக்கு இரண்டு பீரியட்கூட முழுசாக வராது. அந்த நேரத்துக்குள் சமையல், தையல், துணி துவைத்தல், வீட்டைச் சுத்தமாக வைத்தல், காசைப் பார்த்துச் செலவழித்தல், அக்கம்பக்கத்தாரோடு பழகுதல் எல்லாம் அடக்கம்.

மதிப்பெண் பேச்சு எனக்கு அவ்வளவு பிடிக்காது. ஆனாலும் நம் பெற்றோர் நிமிர்ந்து உட்காரும் இடம் அதுதான் என்பதால் முதலில் சொல்லிவிடுகிறேன். நடுநிலைப் பள்ளியில் இது 'தொழில்நுட்பம்-மனையியல்' என்ற ஒரே பாடமாகிறது, பாதி அது, பாதி இது. டோக்கியோவின் அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்கான வழக்கமான நுழைவுத் தேர்வில் ஐந்து பாடங்களுக்குப் பரீட்சை. அதோடு பள்ளி தரும் மதிப்பெண்ணும் சேரும். பரீட்சை உள்ள ஐந்து பாடங்களுக்கு, பாடத்துக்கு 5 வீதம் 25. பரீட்சை இல்லாத இசை, ஓவியம், உடற்கல்வி, தொழில்நுட்பம்-மனையியல் நான்கையும் இரட்டிப்பாக்குகிறார்கள், அது 40. ஆக மொத்தம் 65. பள்ளி மதிப்பெண் கணக்கில் கணக்குப் பாடத்துக்கு 5 என்றால், ஊசி நூல் இருக்கும் இந்தப் பாடத்துக்கு 10. இதைச் சொன்னதும் ஒரு அப்பா, "இதை ஏன் யாருமே முன்னாடி சொல்லல?" என்று என்னிடம் கோபப்பட்டார். மற்ற மாகாணங்களில் கணக்கு வேறு மாதிரி இருக்கும். உங்கள் ஊர் விதியைப் பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, மதிப்பெண்ணை விடுவோம். வகுப்பறைக்குள் வாருங்கள்.

ஐந்தாம் வகுப்பில் சோறு பொங்கும் நாள் எனக்கு மிகவும் பிடித்த நாள். மின்சாரக் குக்கர் கிடையாது. தீயைத் தாங்கும் கண்ணாடிப் பாத்திரத்தில் பொங்குவார்கள், உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. ஆளுக்கு 80 கிராம் அரிசி, எடையில் ஒன்றரை மடங்கு, அதாவது 120 கிராம் தண்ணீர். களைந்து அரை மணி நேரமாவது ஊற வைக்க வேண்டும். வெள்ளையாக மாறிய அரிசியைப் பிள்ளைகள் நோட்டில் வரைகிறார்கள். அடுப்பை மூட்டியதும் நான்கைந்து தலைகள் பாத்திரத்தைச் சுற்றி வந்துவிடும். குமிழி கிளம்பி, அரிசி எழும்பிக் குதித்து, நுரை பொங்கி, தண்ணீர் வற்றி, சோற்றின் மேல்பரப்பில் சின்னச் சின்னத் துளைகள் விழும். ஒவ்வொரு கட்டத்திலும் தீயைக் குறைக்கிறார்கள். அணைத்த பிறகும் பத்து நிமிடம் மூடியைத் தொடக் கூடாது. 'குழந்தை அழுதாலும் மூடியை எடுக்காதே' என்று இதற்கு ஒரு பழைய ஜப்பானியச் சொலவடையே உண்டு.

அப்படி ஒரு நாள் நம் பையன் ஒருவன், "எங்கள் வீட்டில் மூன்று விசில் விடுவார்கள்" என்றான். வகுப்பே திரும்பிப் பார்த்தது. குக்கர் விசிலை ஜப்பானிய மொழியில் விளக்க நான் பட்ட பாடு தனிக் கதை.

காய் நறுக்கும்போது இடது கையைப் பூனைப் பாதம் போல மடக்கி வைக்கச் சொல்கிறார்கள், விரல் நுனி கத்திக்கு அகப்படாது. இருபது வருடம் சமைத்தவள் நான், இதை இங்கே வந்துதான் கற்றுக்கொண்டேன்.

மிசோ சூப் விஷயத்தில் ஒரு தவறு செய்திருக்கிறேன், அதையும் சொல்லிவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சைவக் குடும்பம், "சூப்பில் என்ன போடுவார்கள்?" என்று கேட்டது. மிசோ சோயாவில் செய்வது, டோஃபுவும் சோயா, காய்கறி, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். சமையல் நாளில் அந்தப் பெண்ணின் முன்னால் ஒரு தட்டு உலர்ந்த நெத்திலி. தலையையும் குடலையும் கிள்ளிவிட்டு ஊறப் போட வேண்டும், சூப்பின் சாறே அதில்தான் இறங்குகிறது. குழந்தை அழவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். முன்கூட்டிச் சொல்லியிருந்தால் கொம்பு என்ற கடற்பாசியிலோ காய்ந்த ஷிட்டாகே காளானிலோ சாறு எடுத்திருக்கலாம். இப்போதெல்லாம் சமையல் வகுப்புக்கான கடிதம் வந்த அன்றே பெற்றோரைக் கூப்பிட்டுவிடுகிறேன். முட்டை, பால், கோதுமை, நிலக்கடலை ஒவ்வாமை இருந்தாலும் அப்போதே எழுதிக் கொடுங்கள். தொடக்கப் பள்ளிச் சமையலில் பச்சை இறைச்சியும் பச்சை மீனும் கையாளக் கூடாது என்று பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. மாட்டிறைச்சிப் பயம் உள்ளவர்கள் நடுநிலைப் பள்ளி வரும்போது பேசிக்கொள்ளலாம்.

தையல் பெட்டி பற்றி ஒரு வரி. பள்ளியிலிருந்து படம் போட்ட பட்டியல் வரும், அதில் டிராகன் படம் போட்ட பெட்டியும் இருக்கும். பல வருடங்களாக ஜப்பானியப் பையன்கள் பலர் அதையே வாங்கிவிட்டு, பெரியவர்களானதும் வெட்கப்படுகிறார்கள். வீட்டில் ஊசி, நூல், கத்தரிக்கோல், குண்டூசி இருந்தால் பொதுவாக அதையே கொண்டுபோகலாம், பள்ளியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆண் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் இந்த நிலை தானாக வந்ததில்லை. போருக்குப் பின் 1947இல் தொடக்கப் பள்ளியில் இந்தப் பாடம் புதிதாக வந்தபோது இருபாலருக்கும் பொதுவாகத்தான் வைத்தார்கள். பிறகு பாதை திரும்பியது. 1958 பாடத்திட்டத் திருத்தம் நடுநிலைப் பள்ளியில் பையன்களுக்குத் தொழில்நுட்பம், பெண்களுக்கு மனையியல் என்று பிரித்தது. 1973 முதல் உயர்நிலைப் பள்ளியில் பெண்களுக்கு மட்டும் கட்டாயமானது. அந்த நேரத்தில் பையன்களுக்குக் கூடுதல் உடற்கல்வி. எங்கள் பள்ளியில் ஓய்வு பெறும் வயதில் இருக்கும் ஆசிரியர் ஒருவர், "அவர்கள் ரவிக்கை தைத்தார்கள், நாங்கள் ஜூடோ உருண்டோம், இன்று வரை எனக்குப் பட்டன் தைக்க வராது" என்று சிரிப்பார். 1974இல் பெண்ணுரிமைத் தலைவர் இச்சிகாவா ஃபுசாயே போன்றவர்கள் சேர்ந்து, இருவருக்கும் ஒன்றாகக் கற்பிக்கக் கோரி ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 1985இல் ஜப்பான், பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றபோது, பெண்களுக்கு மட்டும் கட்டாயம் என்பது அதோடு ஒத்துப்போகவில்லை. 1989இல் பாடத்திட்டம் மாறியது. நடுநிலைப் பள்ளியில் 1993, உயர்நிலைப் பள்ளியில் 1994 முதல் எல்லோரும் ஒரே வகுப்பில்.

அதனால் ஜப்பானிய ஆண்கள் எல்லோரும் சமையலறைக்கு வந்துவிட்டார்களா? இல்லை. 2021 அரசுக் கணக்கெடுப்பின்படி ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில், வீட்டு வேலைக்கும் குழந்தை வளர்ப்புக்கும் மனைவி நாளொன்றுக்கு 7 மணி 28 நிமிடம் செலவிடுகிறார், கணவர் 1 மணி 54 நிமிடம். நடுநிலைப் பள்ளியில் சேர்ந்து படித்த முதல் தலைமுறையை நாற்பது வயதில் ஆராய்ந்தபோது சுவையான ஒன்று தெரிந்தது. அந்தத் தலைமுறைப் பெண்கள் வேலையில் கூடுதலாக நிலைத்திருக்கிறார்கள், அவர்களுடைய கணவர்கள் வார இறுதியில் வீட்டு வேலை கூடுதலாகச் செய்கிறார்கள். பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. ஆனால் வகுப்பறையில் மாறியது இருபது வருடம் கழித்து வீட்டில் தெரிகிறது என்றால் எனக்கு அது போதும்.

எனக்கு இந்தப் பாடத்தின் மேல் குறையே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஒரு முறை சோறு பொங்கினால் கை பழகாது. அதற்காகத்தான் வீட்டில் செய்துவரச் சொல்லி ஒரு தாள் கொடுக்கிறார்கள். என்ன வேலை, எப்போது செய்தாய், செய்து பார்த்ததில் என்ன தெரிந்தது என்று பிள்ளை எழுத வேண்டும். கடைசிக் கட்டம் 'வீட்டாரின் கருத்து'. நம் பெற்றோரிடம் பாடம் தோற்பது அந்தக் கட்டத்தில்தான். செய்யாத வேலைக்கு 'நன்றாகச் செய்தான்' என்று எழுதித் தருகிறார்கள். அந்தப் பொய்யை மொழிபெயர்த்துக் கொடுப்பவள் நான். பெண் குழந்தை என்றால் உண்மையிலேயே செய்ய வைத்து எழுதுகிறார்கள், பையன் என்றால் கையெழுத்து மட்டும். இது என் கண்ணில் படாமல் இல்லை.

காகாவா மாகாணத்தின் தகிநோமியா தொடக்கப் பள்ளியில் 2001இல் தகேஷிதா கசுவோ என்ற தலைமையாசிரியர் இதற்கு ஒரு வழி செய்தார். 'பெந்தோ நாள்' என்று பெயர். ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மாதம் ஒரு நாள் மதிய உணவைத் தாங்களே சமைத்துக் கட்டிக்கொண்டு வர வேண்டும். பெற்றோருக்கு ஒரே வேண்டுகோள்: கை வைக்காதீர்கள். ஏப்ரலில் பள்ளி திறந்தாலும் இதை அக்டோபரில்தான் தொடங்கினார். தேவையான சமையலை முதல் பருவத்தில் கத்தேக்கா வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும், வெயில் குறைந்து சோறு கெடாத காலமாகவும் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. பிறகு நாட்டின் பல பள்ளிகள் அதை எடுத்துக்கொண்டன.

உயர்நிலைப் பள்ளியில் பிள்ளை இருப்பவர்களுக்கு இன்னொன்று. 2022 ஏப்ரல் 1 முதல் ஜப்பானில் 18 வயதிலேயே ஒருவர் சட்டப்படி பெரியவர். பெற்றோர் கையெழுத்து இல்லாமல் போன் வாங்கலாம், கடன் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். வாங்கி மாட்டிக்கொண்டால் 'பையன் சின்னவன்' என்று பெற்றோர் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. ஆகவே ஒப்பந்தம், கடன், சேமிப்பு, முதலீடு எல்லாம் இந்த வகுப்பில் வருகின்றன. வீட்டுக்கு வந்து விற்றவரிடம் வாங்கியதை 8 நாளுக்குள் ரத்து செய்யலாம், இணையத்தில் நாமே தேடி வாங்கியதற்கு அந்தச் சலுகை கிடையாது என்பதை ஒரு மாணவிக்காக மொழிபெயர்த்தபோதுதான் நானே தெரிந்துகொண்டேன். ஏமாந்தால் கூப்பிட வேண்டிய நுகர்வோர் எண் 188. பிள்ளையின் புத்தகத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களும் புரட்டுங்கள், வாடகை ஒப்பந்தம் போடும்போது உதவும்.

அந்த ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு வருகிறேன். இரண்டு வாரம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் தையல் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், டிராகன்தான். தமதொமே வந்துவிட்டது. உருண்டை துணியிலிருந்து ஒரு விரல் தள்ளித்தான் விழுந்தது, இருந்தாலும் வந்துவிட்டது. பக்கத்தில் அவன் அம்மா அப்பாவின் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். தைத்து முடித்து, பழக்கத்தில் நூலைப் பல்லால் கடித்தார்.

"அம்மா, கத்தரிக்கோல் இருக்குல்ல" என்றான். அப்புறம் பெட்டியை மூடும் முன், பள்ளியில் செய்வது போல ஊசிகளை எண்ணினான். மறுபடி எண்ணினான்.

"ஒண்ணு குறையுது. யாரும் நடக்காதீங்க."

மூன்று பேரும் முட்டி போட்டுத் தரையைத் தடவ ஆரம்பித்தோம்.