வியர்த்து நனைந்த குதிரை தண்ணீர் குடிக்க மறுப்பது ஏன்?

கலிஃபோர்னியாவில் டெவிஸ் கோப்பை என்று ஒரு குதிரைச் சவாரிப் போட்டி நடக்கிறது. டென்னிஸ்காரர்களின் டேவிஸ் கோப்பைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆபர்ன் ஊர்க்காரரான வெண்டெல் ரோபி 1955-ல் தொடங்கி வைத்தது இது. டாஹோ ஏரிப் பக்கத்து மலையில் விடிவதற்கு முன்பே கிளம்பி, சியரா நெவாடா மலைத்தொடரைத் தாண்டி, 160 கிலோமீட்டர் தூரத்தை 24 மணி நேரத்துக்குள் கடந்து ஆபர்ன் வந்து சேர வேண்டும். நடுவில் ஆழமான பள்ளத்தாக்குகள் குறுக்கிடும். கோடை மதியத்தில் அங்கே வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். கிளம்புகிற குதிரைகளில் ஏறக்குறைய பாதிதான் கடைசி வரை போகின்றன.

வழியில் பல இடங்களில் கால்நடை மருத்துவர்கள் குதிரையை நிறுத்திப் பார்ப்பார்கள். தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிகிறதா? ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்கிறதா? விலாவில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் குடல் இரைகிற சத்தம் கேட்கிறதா? இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 60-ஐ ஒட்டி இறங்கிவிட்டதா? இதில் எது சரியில்லை என்றாலும் குதிரையின் அன்றைய ஓட்டம் அதோடு முடிந்துபோகலாம்.

இந்த மாதிரிப் போட்டிகளுக்குப் புதிதாக வருகிறவர்களைக் கலங்க வைக்கிற காட்சி ஒன்று உண்டு. இரண்டு மூன்று மணி நேரம் ஓடி, உடம்பெல்லாம் நனைந்து, வாளி வாளியாக வியர்வையை இழந்துவிட்ட குதிரையின் முன்னால் தண்ணீரை வைத்தால், அது மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பிடிவாதம் என்று தோன்றும். குதிரைக்கு உண்மையிலேயே தாகம் எடுக்கவில்லை. விஷயம் அதன் வியர்வையில் இருக்கிறது.

தசை வேலை செய்யும்போது, எரிக்கிற சக்தியில் ஐந்தில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோதான் ஓட்டமாக மாறுகிறது. மிச்சமெல்லாம் சூடு. அரை டன் எடையுள்ள பிராணிக்குள் இப்படிச் சூடு சேர்ந்துகொண்டே போனால் அதை எங்கேயாவது தள்ளியாக வேண்டும். மனிதனோடு ஒப்பிட்டால் குதிரையின் எடைக்கு அதன் தோலின் பரப்பு மிகவும் குறைவு. அதனால் இருக்கிற தோலைக் கொண்டே அடித்துப் பிடித்து வியர்க்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் கூடிய நாளில், கடும் உழைப்பில், மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வரை வியர்வை வெளியேறலாம். நாய் மூச்சிரைத்துச் சூடு தணிக்கிறது. வியர்வையையே பிரதானமாக நம்பிக் கடுமையாக உழைக்கிற பிராணிகளில் மனிதனும் குதிரையும் முன்வரிசை.

ஆனால் இரண்டு பேரின் வியர்வையும் ஒன்றல்ல. ஓடி வந்த குதிரையைக் கிட்டே போய்ப் பார்த்தால், கடிவாள வார் உரசுகிற கழுத்திலும் பின்னங்கால்களுக்கு நடுவிலும் சோப்பு போட்டதைப் போல வெள்ளை நுரை திரண்டிருக்கும். அந்த நுரைக்குக் காரணம் லேத்தரின் என்கிற புரதம். குதிரையின் ரோமத்தில் எண்ணெய்ப் பசை உண்டு. மழைத் தண்ணீர் அதில் ஒட்டாமல் வழிந்துவிடும். வியர்வையும் அப்படியே சொட்டிப் போனால் எந்தப் பிரயோஜனமும் இல்லை, ஏனென்றால் தரையில் விழுந்த வியர்வை எந்தச் சூட்டையும் எடுத்துப் போவதில்லை. ஆவியாகிறதுதான் எடுத்துப் போகும். லேத்தரின் தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, தோலில் ஊறுகிற வியர்வையை ரோமத்தின் நுனி வரை பரவ வைக்கிறது. காற்று படுகிற இடம் அதுதான். எனக்குக் குதிரையின் உடம்பில் மிகவும் பிடித்த வேதியியல் இதுவே.

இனி உப்புக்கு வருவோம். மனித வியர்வையில் லிட்டருக்கு ஏறக்குறைய 1 கிராம் சோடியம் இருக்கும். ஆளுக்கு ஆள் இது கூடும், குறையும். நம் வியர்வைச் சுரப்பி, தண்ணீரை வெளியே விடுகிற வழியிலேயே உப்பில் ஒரு பகுதியை உடம்புக்குத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. குதிரையின் சுரப்பியில் அந்தச் சிக்கனம் இல்லை. அதன் வியர்வையில் லிட்டருக்குச் சுமார் 3 கிராம் சோடியம், 5 முதல் 6 கிராம் குளோரைடு, ஒன்றரை கிராமை ஒட்டிப் பொட்டாசியம், சொற்பமாகக் கால்சியமும் மக்னீசியமும் போகின்றன. மொத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 10 கிராம் உப்பு. அதாவது குதிரையின் வியர்வை அதன் ரத்த நீர் அளவுக்கே உப்பானது; சில சமயம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கும்.

தாகம் கெட்டுப்போவது இங்கேதான். ரசம் அடுப்பில் கொதித்து வற்றினால் மிச்சம் இருப்பது உப்புக் கரிக்கும்; கரண்டியால் மொண்டு ஊற்றினாலோ அளவுதான் குறையும், ருசி மாறாது. நம் உடம்பில் நடப்பது முதல் வகை: உப்புக் குறைந்த வியர்வை போகப் போக ரத்தத்தில் சோடியத்தின் அடர்த்தி ஏறுகிறது, மூளையின் ஹைப்போதலாமஸ் அதைக் கண்டுகொண்டு தாகத்தைக் கிளப்புகிறது. குதிரையில் நடப்பது இரண்டாம் வகை. 20 லிட்டர் போயிருந்தாலும் மிச்ச ரத்தத்தின் அடர்த்தி ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. மூளைக்குத் தந்தி வருவதில்லை. ரத்தத்தின் கொள்ளளவு குறைவதை உணர்ந்து தாகத்தைத் தூண்டுகிற இன்னொரு வழி உடம்பில் உண்டுதான். ஆனால் அது நிறைய இழந்த பிறகே மெதுவாக விழித்துக்கொள்ளும்.

இதைவிட மோசமாக ஒன்று நடக்கலாம். குடிக்க மனமில்லாத குதிரை ஒருவழியாக வெறும் தண்ணீரைக் கொஞ்சம் குடித்துவிட்டது என்று வையுங்கள். அந்தத் தண்ணீர் ரத்தத்தை நீர்க்க வைக்கிறது. இப்போது சோடியத்தின் அடர்த்தி இறங்கிவிட்டதால், “போதும், அதிகமாகிவிட்டது” என்று மூளை முடிவு கட்டும். இருந்த கொஞ்ச தாகமும் போய்விடும், சிறுநீரகமும் தண்ணீரை வெளியே விடத் தொடங்கும்.

ஆகவே உழைக்கிற குதிரைக்கு எலக்ட்ரோலைட், அதாவது இந்த உப்புகளின் கலவை, கொடுப்பதன் முதல் வேலை, இழந்த உப்பைக் கிராம் கணக்கில் திருப்பிக் கட்டுவது என்பதைக் காட்டிலும், தாகத்தை எழுப்பிவிடுவதுதான். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஹெரால்டு ஷாட் குழுவினர் 2000-களின் தொடக்கத்தில் செய்த சோதனைகள் இதை அழகாகக் காட்டின. களைத்து நீர் இழந்த குதிரைகளுக்கு முதல் சில நிமிடங்கள் வெறும் தண்ணீருக்குப் பதில் 0.9 சதவீத உப்புக் கரைசல், அதாவது லிட்டருக்கு 9 கிராம் உப்பு போட்ட தண்ணீர், கொடுத்தார்கள். அப்புறம் நல்ல தண்ணீர் வைத்தார்கள். முதலிலிருந்தே வெறும் தண்ணீர் குடித்த குதிரைகளைவிட இவை மொத்தத்தில் கூடுதலாகக் குடித்தன, இழந்த எடையையும் கூடுதலாக மீட்டன. இன்னொரு சோதனையில் தண்ணீரின் சூட்டை மாற்றிப் பார்த்தபோது, 10 டிகிரித் தண்ணீரையும் 30 டிகிரித் தண்ணீரையும்விட 20 டிகிரித் தண்ணீரே நன்றாக இறங்கியது. ஓடி வந்த குதிரைக்கு ஐஸ் தண்ணீர் வைத்து உபசரிக்கத் தேவையில்லை.

கொடுக்கிற உப்பு உண்மையில் உள்ளே போய்ச் சேர்கிறதா? கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லிண்டிங்கரின் குழு கதிரியக்க அடையாளமிட்ட சோடியத்தையும் பொட்டாசியத்தையும் தண்ணீரில் கலந்து குழாய் வழியாகக் குதிரையின் வயிற்றில் விட்டுப் பின்தொடர்ந்தது. 2013-ல் வந்த அந்த முடிவுகளின்படி, வயிற்றில் விட்ட உப்பு சீக்கிரமே ரத்தத்துக்கு வந்து, குதிரை ஓடும்போது தோல் வழியே வியர்வையிலும் தலைகாட்டியது. ஓடுவதற்கு முன்னால் தகுந்த அளவு தண்ணீரோடு கொடுத்த உப்பு, அதே ஓட்டத்துக்கே பயன்படுகிறது என்று இதற்கு அர்த்தம்.

தண்ணீரோடு என்கிற சொல்லை அடிக்கோடிட வேண்டும். போட்டிக் களங்களில் உப்பை ஆப்பிள் கூழில் குழைத்து, பெரிய சிரிஞ்சில் ஏற்றி, குதிரையின் கடைவாயில் பீச்சிவிடுவார்கள். குதிரை அடுத்து நன்றாகத் தண்ணீர் குடித்தால் சரி. குடிக்காவிட்டால், வயிற்றுக்குள் போன அந்த அடர்த்தியான உப்பு ரத்தத்திலிருந்தே தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துக்கொள்ளும். வறண்ட குதிரை இன்னும் வறண்டுபோகும். அதோடு வயிற்றுப் புண்ணும் சேரும்: அடர் உப்புக் கரைசலை மணிக்கொரு தரமாகத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் இரைப்பைப் புண்கள் மோசமாகின்றன என்று 2005-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. “உப்புதானே, என்ன செய்துவிடும்” என்று கேட்பவர்களுக்கு இது போதும்.

சோடியத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் குளோரைடு கோபித்துக்கொள்ளும். குதிரை வியர்வையில் அதிகம் போவது அதுதான். குளோரைடு குறைந்தால் சிறுநீரகம் அதற்கு ஈடாகப் பைகார்பனேட் என்கிற காரப்பொருளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்கிறது. ரத்தம் காரமாகும்போது கால்சியம் கூடுதலாகப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ள, நரம்புகளுக்குக் கிடைக்கிற சுதந்திரமான கால்சியம் குறைகிறது. கால்சியம் குறைந்த நரம்பு எதற்கெடுத்தாலும் துள்ளும்.

நீண்ட தூரச் சவாரிக்காரர்கள் பயப்படுகிற ஒரு விசித்திரம் இப்படித்தான் வருகிறது. மூச்சு விட வைக்கிற தசையான உதரவிதானத்தை இயக்குகிற நரம்பு மார்புக்குள் இதயத்தின் மேலாகப் போகிறது. சாதாரண நாளில் பக்கத்தில் இதயம் துடிப்பதை அது சட்டை செய்யாது. கால்சியம் குறைந்து எரிச்சலில் இருக்கும் நாளிலோ, இதயத்தின் ஒவ்வொரு மின் துடிப்பும் அந்த நரம்பையும் சுண்டிவிடுகிறது. விளைவு, குதிரையின் விலா இதயத்துடிப்போடு தாளம் தப்பாமல் வெட்டி வெட்டி இழுக்கும். சில சமயம் தொம் தொம் என்று சத்தமே கேட்கும். பார்ப்பதற்கு விக்கல்போல இருந்தாலும் இது மூச்சோடு சேராது, இதயத்தோடு சேரும். இந்த நிலை வந்த குதிரை போட்டியிலிருந்து விலக வேண்டும். தேவைப்பட்டால் மருத்துவர் கால்சியத்தை மெதுவாக ரத்தக் குழாயில் ஏற்றுவார். கால்சியம் மிகுந்த குதிரைமசால் (ஆல்ஃபால்ஃபா) தீவனத்தையே தினமும் தின்று பழகிய குதிரையில், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக் கொடுக்கிற ஹார்மோன் ஏற்பாடு சோம்பிப்போய்விடும் என்று மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள்.

குதிரைக்குச் சாதகமான அம்சமும் ஒன்று உண்டு, அது அதன் பெருங்குடல். பெருங்குடலும் அதன் தொடக்கத்திலுள்ள பெரிய பையும் சேர்ந்து 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். தின்ற புல்லின் நார் அங்கே தண்ணீரையும் உப்பையும் ஊற வைத்துப் பிடித்திருக்கிறது. வியர்வை போகப் போக உடம்பு அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். போட்டிக்கு முந்தைய இரவு காய்ந்த புல்லைத் தாராளமாகப் போடுவதும், இடைநிறுத்தத்தில் ஊறவைத்த புல்லும் சர்க்கரை பீட் சக்கையும் கொடுப்பதும் இதற்காகத்தான். வயிற்றைக் காயப் போட்டுக் கூட்டி வந்த குதிரையை எந்தப் பவுடரும் காப்பாற்றாது.

சரி, எதை வாங்குவது? அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2007-ல் வெளியிட்ட தேவைப் பட்டியலின்படி, வேலை செய்யாத 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 10 கிராம் சோடியம், 25 கிராம் பொட்டாசியம், 40 கிராம் குளோரைடு வேண்டும். பொட்டாசியத்தைப் பற்றிக் கவலையே இல்லை. 10 கிலோ காய்ந்த புல்லில் சாதாரணமாக அது 150 கிராம் அளவுக்கு இருக்கும். புல்லில் இல்லாதது சோடியம். அந்த 10 கிராமை 25 கிராம் சாதாரணச் சமையல் உப்பு கொடுத்துவிடும். லாயத்தில் உப்புக்கட்டி தொங்குகிறதே என்று விட்டுவிட முடியாது. மாட்டின் நாக்கு சொரசொரப்பு, கட்டியைச் சுரண்டி எடுத்துவிடும். குதிரையின் நாக்கு வழவழப்பு. பல குதிரைகள் தேவையான அளவு நக்குவதே இல்லை. தீவனத்தில் உப்பைக் கலப்பதே நிச்சயம்.

தினசரி உப்பு சரியாக இருந்தால், லேசான பயிற்சிக்கும் இரண்டு நிமிடத்தில் முடிகிற ஓட்டப் பந்தயத்துக்கும் தனியாக எலக்ட்ரோலைட் பெரும்பாலும் தேவைப்படாது. மணிக்கணக்கில் வியர்க்கிற குதிரைக்குத்தான் தேவை. 10 லிட்டர் வியர்த்தால் 30 கிராம் சோடியம் போய்விட்டது; மூன்று நாள் பங்கு ஒரே மணி நேரத்தில் காலி. அப்போது வாங்குகிற பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். குளோரைடு முதலிலும் சோடியம் இரண்டாவதும் பொட்டாசியம் மூன்றாவதுமாக, வியர்வையின் வரிசையிலேயே இருப்பது நல்ல கலவை. முதல் பொருளே சர்க்கரை என்று போட்டிருந்தால் அது மிட்டாய், காசுக்குக் கேடு. ஆப்பிள் வாசனையும் பளபளப்பான குதிரைப் படமும் யாருக்கும் தாகத்தை உண்டாக்குவதில்லை.

பொட்டாசியம் கூடிய கலவை சில குதிரைகளுக்கு ஆபத்து. 1969-ல் பிறந்த இம்ப்ரெசிவ் என்ற புகழ்பெற்ற குவார்ட்டர் ஹார்ஸ் இனப் பொலிகுதிரையின் வம்சத்தில் ஒரு மரபணுக் கோளாறு பரவியிருக்கிறது. அது உள்ள குதிரைக்குப் பொட்டாசியம் ஏறினால் தசைகள் நடுங்கும், சில சமயம் அப்படியே சரிந்து விழும். அந்த வம்சத்துக் குதிரை என்றால் மரபணுப் பரிசோதனை செய்துவிட்டே பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும்.

உப்புத் தண்ணீர் வைத்தால் பக்கத்திலேயே வெறும் தண்ணீரும் ஒரு வாளி இருக்கட்டும். பழக்கமில்லாத குதிரை உப்பு வாளியைத் தொடாமலே போய்விடும். அந்தப் பழக்கத்தை வீட்டில், பயிற்சி நாட்களிலேயே ஏற்படுத்த வேண்டும், போட்டியன்று தொடங்கினால் நடக்காது. நான்கைந்து நாள் முன்னாலிருந்தே உப்பை வாரிக் கொடுத்துச் சேமித்து வைக்கலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். சோடியத்தைக் கூடுதலாகப் பதுக்கி வைக்க உடம்பில் கிடங்கு கிடையாது. சிறுநீரகம் அன்றன்றைக்கே கழித்துவிடும், லாயத்தில் ஈரப் படுக்கையை மாற்றுகிற வேலைதான் கூடும்.