ஜாக்கி ஃப்ரெஞ்சின் எழுத்துப் பிழைகள்

ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி என் எதிரில் உட்கார்ந்து 'டயரி ஆஃப் எ வாம்பட்' படக்கதையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு தடங்கல் இல்லாமல் வாசித்தாள். வாம்பட் என்பது குட்டிக் கரடி போல இருக்கும் ஓர் ஆஸ்திரேலிய விலங்கு. கதையில் அது தூங்குகிறது, புல் தின்கிறது, சொறிந்துகொள்கிறது, கேரட் கேட்டுக் கதவை இடிக்கிறது. குரலில் ஏற்ற இறக்கம்கூடச் சரியாக இருந்தது. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாருங்க மிஸ், நல்லாத்தானே படிக்கிறா? ஸ்கூல்ல எதுக்கு உங்ககிட்ட அனுப்புறாங்கன்னே தெரியல."

நான் ஒரு வெள்ளை அட்டையில் 'கேரட்ஸ்' என்ற சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் எழுதி அவள் முன்னால் வைத்தேன். அந்தப் புத்தகத்தில் திரும்பத் திரும்ப வரும் சொல் அது. அவள் அட்டையைப் பார்த்தாள், மூடியிருந்த புத்தகத்தைப் பார்த்தாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். "வாம்பட்?" என்றாள்.

புத்தகம் முழுவதும் அவளுக்கு மனப்பாடம். படத்தைப் பார்த்ததும் வரி வந்துவிடும். எழுத்தோடு அவளுக்கு இன்னும் சம்பந்தமே ஏற்படவில்லை. மேற்கு சிட்னியில் சிறப்புக் கல்வி ஆசிரியையாக இருக்கும் எனக்கு இது புதிதல்ல. டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தையும் ஒலியையும் இணைத்து வாசிப்பதில் சிரமம், உள்ள கெட்டிக்காரப் பிள்ளைகள் இப்படித்தான் முதல் இரண்டு வகுப்புகளை ஓட்டிவிடுவார்கள். (இந்தக் கட்டுரையில் வரும் பிள்ளைகளின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

அந்தப் புத்தகத்தை எழுதியவருக்கும் டிஸ்லெக்சியா என்று சொன்னபோது அந்த அம்மா நம்பவில்லை.

ஜாக்கி ஃப்ரெஞ்ச் 1953இல் சிட்னியில் பிறந்து பிரிஸ்பேனில் வளர்ந்தவர். நியூ சவுத் வேல்ஸின் தெற்கே, பிரெய்ட்வுட் ஊரைத் தாண்டி இருக்கும் அராலுவென் பள்ளத்தாக்கில் பல்லாண்டுகளாக வாழ்ந்துவருகிறார். எழுதத் தொடங்கிய கதையை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். காட்டோரத்தில் ஒரு கொட்டகையில் குடியிருப்பு. கையில் காசில்லை. காரின் பதிவைப் புதுப்பிக்க 106 டாலர் 40 சென்ட் வேண்டும். சரி, கதை எழுதி அனுப்பிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தார். குப்பைக் கிடங்கில் கிடைத்த தட்டச்சுப் பொறி. அதில் 'ஈ' எழுத்து வேலை செய்யாது, அதைப் பேனாவால் நிரப்ப வேண்டும். ஆங்கிலத்தில் அந்த எழுத்து இல்லாமல் ஒரு வரி ஓடுமா! போதாக்குறைக்கு ஸ்மட்ஜ் என்ற வாம்பட் இரவுதோறும் வந்து அந்தப் பொறியின் மேலேயே எச்சமிட்டுப் போகும்.

பதிப்பகத்துக்குப் போன கையெழுத்துப் பிரதிகளிலேயே இவ்வளவு அலங்கோலமான, இவ்வளவு எழுத்துப் பிழை உள்ள ஒன்றைப் பார்த்ததில்லை என்றாராம் அதைப் படித்த பதிப்பாசிரியர். அலங்கோலத்துக்கு வாம்பட் காரணம், பிழைக்கு டிஸ்லெக்சியா காரணம். ஆனால் அதைப் படித்தார்கள், பதிப்பித்தார்கள். 'ரெயின் ஸ்டோன்ஸ்' என்ற அந்த முதல் நூல் 1991இல் ஆஸ்திரேலியச் சிறுவர் நூல் மன்றத்தின் விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. பிறகு 1999இல் 'ஹிட்லர்ஸ் டாட்டர்', 2002இல் புரூஸ் வாட்லியின் படங்களோடு வாம்பட்டின் நாட்குறிப்பு. அந்த வாம்பட்டும் மோத்பால் என்ற பெயரில் அவர் வீட்டருகே வாழ்ந்த நிஜ விலங்குதான். 2014, 2015 ஆண்டுகளுக்கான ஆஸ்திரேலியச் சிறுவர் இலக்கியத் தூதர் பதவியும், 2015இல் நாட்டின் சிறந்த மூத்த குடிமகன் விருதும் வந்தன. நூறு புத்தகங்களைத் தாண்டி எவ்வளவோ காலமாகிவிட்டது.

இந்தக் கதையை ஒரு குறிப்பிட்ட விதத்தில் சொல்வது எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. 'டிஸ்லெக்சியா ஒரு வரம், உங்கள் பிள்ளையும் ஒரு நாள் இப்படி வரும்' என்று வாட்ஸாப்பில் சுற்றுகிற ரகம். டிஸ்லெக்சியா வரமில்லை. வாசிக்க முடியாமல் வகுப்பில் கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லி ஒளிந்துகொள்ளும் பிள்ளையிடம் அது வரம் என்று சொல்லிப் பாருங்கள். ஜாக்கி ஃப்ரெஞ்சின் வாழ்க்கையில் எனக்குப் பட்ட முக்கியமான ஆள், பிழைகளுக்குப் பின்னால் இருந்த கதையைப் படித்த அந்தப் பதிப்பாசிரியர்தான். என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு ஆள் பெரும்பாலும் வாய்ப்பதில்லை. சிவப்புப் பேனாதான் வாய்க்கிறது.

ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வந்தான். யாழ்ப்பாணத்துக் குடும்பம். "எழுதச் சொன்னாச் சரியான பஞ்சி டீச்சர்" என்றார் அப்பா. அவர்கள் பேச்சில் பஞ்சி என்றால் சோம்பல். பையன் கொண்டுவந்த கட்டுரையில் வார விடுமுறையைப் பற்றி மூன்றே வாக்கியங்கள். பல்லியைப் பார்த்தேன், அது பெரியது, நான் வீட்டுக்குள் போனேன். ஒரு பிழைகூட இல்லை. ஆசிரியர் 'இன்னும் விரிவாக எழுது' என்று கீழே எழுதியிருந்தார்.

"அந்தப் பல்லி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். அவ்வளவுதான். தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலிருந்து ப்ளூ டங் பல்லி ஒன்று வெளியே வந்ததையும், அது வாயைத் திறந்து நீல நாக்கை நீட்டிச் சீறியதையும், தங்கை அழுததையும், அம்மா விளக்குமாறோடு ஓடி வந்ததையும், நான்கு நிமிடம் மூச்சுவிடாமல் சொன்னான். 'இனார்மஸ்' என்ற சொல்லை மூன்று தடவை சொன்னான். தாளில் எழுதியிருந்தது 'பிக்'.

"ஏன் இனார்மஸ்னு எழுதல?"

"ஸ்பெல்லிங் தெரியாது. பிழை வந்தா பத்து தரம் எழுதோணும்."

தெரியாத சொல்லைத் தொடாமலே ஒரு கட்டுரையை முடிக்க அவன் பட்ட பாடு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். அது சோம்பலே இல்லை. பிழையில்லாத, சின்னச் சின்ன வாக்கியங்கள் மட்டுமே உள்ள நோட்டைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் கூடுகிறது. வாயால் சொல்வதற்கும் தாளில் வருவதற்கும் நடுவே இவ்வளவு பெரிய இடைவெளி இருந்தால் பெற்றோர் தாமதிக்கக் கூடாது. ஒலிகளைப் பிரித்துச் சேர்ப்பதில் தடுமாற்றம், ஏற்கெனவே வாசித்த சொல்லை அடுத்த வரியில் அடையாளம் தெரியாமல் நிற்பது, குடும்பத்தில் யாருக்காவது இதே தொல்லை இருந்தது ஆகியவையும் சேர்ந்தால் இன்னும் அவசரம். கண்ணில் கோளாறு இல்லை, புத்தியில் குறை இல்லை. ஒலியையும் எழுத்தையும் இணைக்கும் வேலை மூளையில் மெதுவாக நடக்கிறது. இதற்குத் தீர்வு என்று சொல்லி வண்ணக் கண்ணாடி விற்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

நியூ சவுத் வேல்ஸ் அரசுப் பள்ளிகளில் முதல் வகுப்பில் ஓர் ஒலிப்புப் பரிசோதனை 2021 முதல் கட்டாயம். 40 சொற்கள். அதில் பாதி அர்த்தமே இல்லாத சொற்கள். 'இல்லாத சொல்லைக் கொடுத்துப் பிள்ளையை ஏன் குழப்புகிறார்கள்?' என்று பெற்றோர் கோபப்படுகிறார்கள். அதில்தான் விஷயமே இருக்கிறது. மனப்பாடம் செய்ய முடியாத சொல் என்றால் எழுத்தைக் கூட்டித்தான் வாசித்தாக வேண்டும். வாம்பட் புத்தகத்தைக் கடகடவென்று ஒப்பித்த சிறுமி அகப்பட்டது அங்கேதான்.

எங்கள் ஆட்கள் தவறாமல் கேட்பது: "வீட்ல தமிழ் பேசுறதாலதான் குழம்புதா? நிறுத்திடவா?" நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி பேசுவதால் டிஸ்லெக்சியா வராது. தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஆங்கிலத்தைவிட நேரடியானது. அதனால் இந்தப் பிள்ளைகள் தமிழைப் பெரும்பாலும் சரியாகவே வாசிப்பார்கள், ஆனால் ஆமை வேகத்தில். 'கொ' என்று எழுத ஒரு குறி முன்னால், ஒரு குறி பின்னால் என்பது அவர்களைத் தனியாகப் படுத்தும். ஆனால் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் 'பல்லிக்குப் போனேன்' என்று எழுதினான் என்பதற்காகப் பயப்பட வேண்டாம். அந்த மாதிரி ல, ள குழப்பம் சிட்னியில் வளரும் பிள்ளைகள் பலருக்கும் உண்டு, பெரியவர்களுக்கும் உண்டு.

சரி, என்ன செய்வது? ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக, முறையாகச் சொல்லித்தரும் பயிற்சி வேண்டும், வாரக்கணக்கில் அல்ல, வருடக்கணக்கில். அதற்கு மாற்றே இல்லை. ஆனால் அந்தப் பயிற்சி முடியும் வரை பிள்ளையின் மூளையைப் பட்டினி போடக் கூடாது. ஒலிப்புத்தகம் கேட்கட்டும். கதையை வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொடுங்கள், இல்லாவிட்டால் போனில் பேசியே தட்டச்சு செய்யட்டும். ஒரு பக்கத்தில் இரண்டு பிழைகளுக்கு மேல் திருத்தாதீர்கள். பத்து தரம் எழுதச் சொல்வதால் ஸ்பெல்லிங் வராது, வெறுப்புதான் வரும். பள்ளியிடம் 2005ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் கல்வித் தரநிலைகளின்படி நியாயமான மாற்றங்கள் வேண்டும் என்று கேளுங்கள். கூடுதல் நேரமோ, வாய்மொழியாகப் பதில் சொல்லும் வசதியோ பிச்சை இல்லை, உரிமை. 'எழுத்துப்பூர்வமாகத் தாருங்கள்' என்று சேர்த்துச் சொன்னால் காரியம் கொஞ்சம் சீக்கிரம் நடக்கும்.

ஒன்பது வயதுக்காரன் நாலாவது வாரம் பல்லிக் கதையை எனக்குச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. கடைசி வாக்கியத்தை அவனே எழுத ஆசைப்பட்டான். 'இனார்மஸ்' என்ற சொல்லில் மூன்று எழுத்தைக் காணோம். நான் தொடவில்லை.

கூட்டிப்போக வந்த அப்பா அதை வாங்கி வாசித்தார். ஒன்றரைப் பக்கத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தை நான் கவனித்தேன். விரலை வரிக்கு அடியில் வைத்துக்கொண்டே வந்தார். பையன் வெளியே காருக்குப் போனபிறகு குரலைத் தாழ்த்தி, "நானும் சின்னனில இப்பிடித்தான் டீச்சர். மட்டையால அடி வாங்கினதுதான் மிச்சம். இந்த வயசிலயும் டெஸ்ட் செய்யலாமோ?" என்று கேட்டார்.

செய்யலாம், உளவியலாளர் ஒருவர் செய்வார், அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரில் வராது, பெரும்பாலும் ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, பல்லிக் கதையைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு போனார்.