எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி)

நோய்க்கிருமி, நஞ்சு போன்ற வெளிப்பொருள்களைப் பிடித்து எதிர்க்க உடல் ஆக்கும் புரதமே ஆன்டிபாடி. இச்சொல்லுக்கு மூலம், ஜெர்மன் மருத்துவ அறிஞர் பவுல் எர்லிக் 1891-இல் தம் ஆய்வுக் கட்டுரையில் பயன்படுத்திய 'ஆன்டிகோர்ப்பர்' என்னும் ஜெர்மன் சொல்லாகும். 'ஆன்டி' என்றால் எதிர். 'கோர்ப்பர்' உடலையும் பொருளையும் குறிக்கும். எலிகளுக்குச் சிறுகச் சிறுகக் கொடுத்து அவர் பழக்கிய நஞ்சுகளுள் ஒன்று, நம் குன்றிமணியில் உள்ள அப்ரின். நஞ்சுக்குப் பழகிய தாயிடமும் பழகாத தாயிடமும் குட்டிகளை மாற்றி விட்டுப் பாலருந்தச் செய்து, நோய்க்காப்பு பால் வழியாகவும் சேர்கிறது என்று 1892-இல் அவர் நிறுவினார். ஆக, இச்சொல் பிறந்த மறு ஆண்டிலேயே தாய்ப்பாலோடு உறவு கொண்டுவிட்டது.

மனிதத் தாய்ப்பாலில், குறிப்பாகச் சீம்பாலில், மிகுதியாக இருப்பது ஐஜிஏ என்னும் ஆன்டிபாடி வகை. அது உருவாகும் வழி வியப்புக்குரியது. தாயின் சிறுகுடல் சுவரில் உள்ள பேயர் திட்டுகள் என்னும் நோய்க்காப்புத் திசுக்கள் அங்கு வாழும் பாக்டீரியாக்களை இனங்காண்கின்றன. அங்கே தூண்டப்பெற்ற பி செல்கள் (ஆன்டிபாடியை ஆக்கும் வெள்ளணுக்கள்) நிணநீர் வழியாக இரத்தத்தில் கலந்து, பாலூட்டும் காலத்தில் மார்பகத்தை அடைந்து தங்கி, குடலில் கண்ட நுண்ணுயிர்களுக்கு உரிய ஐஜிஏவை அங்கேயே ஆக்குகின்றன. கருவுற்ற பெண்களுக்குத் தீங்கற்ற ஈ. கோலை பாக்டீரியாவை வாய்வழி கொடுத்தபோது, அதற்கெதிரான செல்கள் சீம்பாலில் தோன்றியதை 1975-இல் வெளியான ஆய்வு காட்டியது. பாலுக்குள் செல்லும்போது ஐஜிஏவுடன் சேரும் சுரப்புக்கூறு என்னும் புரதத்துண்டு அதனை எளிதில் செரிக்கவிடாது. ஆகவே அது குழந்தையின் குடலில் நிலைத்து, நுண்ணுயிர்களைப் பற்றிச் சூழ்ந்து, குடற்சுவரில் ஒட்டாமல் தடுக்கிறது.

தமிழில் ஆன்டிபாடிக்கு இரு சொற்கள் வழங்குகின்றன. பிறபொருளெதிரி என்பது இலங்கைப் பாடநூல் வழக்கு. எதிர்ப்பது எதனை என்பதைச் சொல்லிலேயே காட்டுவது அதன் சிறப்பு. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் எதிர்ப்பொருள் என்கின்றன. தாய்ப்பாலைப் பற்றி எழுதும்போது பின்னதையே நான் விரும்புகிறேன். பாலில் உள்ள ஐஜிஏ பெரும்பாலும் நுண்ணுயிரைக் கொல்வதில்லை, கட்டுப்படுத்தவே செய்கிறது. அது பற்றுகின்ற பாக்டீரியாக்களுள் பல, தாயின் குடலில் தீங்கின்றி வாழ்பவை. அவற்றைப் பகையாக்கும் 'எதிரி'யை விட, 'பொருள்' பொருத்தமானது. கூட்டுச்சொல் ஆக்கவும் அது எளிது: எதிர்ப்பொருள் தூண்டி (ஆன்டிஜென்), சுரப்பு எதிர்ப்பொருள் (பாலிலும் உமிழ்நீரிலும் கண்ணீரிலும் சுரக்கும் ஐஜிஏ).