வியாழனும் சனியும் எதிரெதிரே: மரியா கிர்ச் போட்ட கணக்கு

1711இல் பெர்லினில் ஒரு சிறு நூல் வெளிவந்தது. மறு வருஷம் வியாழனும் சனியும் வானத்தில் நேர் எதிரெதிரே, ஒன்றுக்கு ஏழாமிடத்தில் மற்றொன்றாக நிற்கப்போவதைப் பற்றியது அது. எழுதியவர் மரியா மார்கரெத்தா கிர்ச். சோதிடமும் வானியலும் பிரியாத காலம். கிரக நிலையைக் கணிக்கத் தெரியாமல் பலன் சொல்ல முடியாது.

அந்தக் கணிப்பு எப்படி? வியாழன் சூரியனைச் சுற்றிவர 11.86 ஆண்டு ஆகிறது; ஆண்டுக்குச் சுமார் 30.4 பாகை நகர்கிறது. சனிக்கு 29.46 ஆண்டு, ஆண்டுக்கு 12.2 பாகைதான். ஆக, வியாழன் ஆண்டுக்குப் 18 பாகைக்குச் சற்று மேலாக முந்துகிறது. 360 பாகை முந்தினால் சனியை மறுபடி பிடித்துவிடும். அதற்கு ஏறத்தாழ 20 ஆண்டு. 180 பாகை முந்தியதும் எதிரெதிர். இரண்டும் 1702இல் சேர்ந்தன, பத்தைக் கூட்டினால் 1712. சரி, வருஷம் கிடைத்துவிட்டது. நாளைக் குறிப்பதுதான் கஷ்டம். பாதை நீள்வட்டம் என்பதால் கோளின் வேகம் கூடிக் குறையும். நாம் நிற்கும் பூமியும் ஓடிக்கொண்டிருப்பதால் பார்க்கும் திசை மாறும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் திருத்தம் போட வேண்டும், அதுவும் கையால்.

மரியா 1670இல் லைப்சிக் அருகே பிறந்தவர். தானாகவே வானியல் கற்ற விவசாயி கிறிஸ்டோஃப் அர்னால்டிடம் பாடம் படித்தார். 1692இல் வானியலாளர் கோட்ஃபிரீட் கிர்ச்சை மணந்தார். 1702 ஏப்ரல் 21 அதிகாலை, கணவர் தூங்கிக்கொண்டிருந்தபோது, அவர் முன்பு கவனித்திருந்த ஒரு நட்சத்திரத்தைத் தேடிய மரியாவின் கண்ணில் வால்வெள்ளி ஒன்று பட்டது. பெயர் கணவருக்குப் போனது. 1710இல்தான் கண்டது மனைவி என்று அவர் வெளியிட்டார்.

பெர்லின் அறிவியல் அகாதமிக்கு வருமானமே நாட்காட்டி விற்பனைதான். பிறை, கிரகணத்தோடு வானிலைப் பலனும் அதில் இருக்கும். அதைக் கணித்துவந்த கோட்ஃபிரீட் 1710இல் இறந்ததும், அந்த வேலையில் உதவிக் கணிப்பாளராகவாவது சேர்த்துக்கொள்ளும்படி மரியா கேட்டார். அகாதமியின் தலைவரான தத்துவஞானி லைப்னிட்ஸ் ஆதரித்தும் அகாதமி மறுத்தது: ஒரு பெண்ணுக்குக் கொடுத்தால் அது முன்னுதாரணமாகிவிடுமாம்! கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லாதபோது கிடைத்த இந்தக் காரணம் இன்றும் கோபமூட்டுகிறது. 1716இல் மகன் கிறிஸ்ட்ஃபிரீட் அங்கே வானியலாளரானதும் மரியா அவருக்கு உதவியாகச் சேர்ந்தார். வருகிறவர்கள் முன் அதிகம் தென்படுகிறார், பேசுகிறார் என்று அதையும் நிறுத்தினார்கள்.

1720இல் காய்ச்சலில் இறந்தார். பின்னாளில் அதே அகாதமிக்காக சைலீசியா என்ற பகுதிக்கான நாட்காட்டியைக் கணித்துச் சம்பளம் வாங்கியவர் அவருடைய மகள் கிறிஸ்டினே.