‘சும்மா உக்காந்திருந்தாலே வருமுங்க’: வரிக் கணக்கு மேசையிலிருந்து

ஜூலை மாதம் எங்கள் ஆபீஸில் உட்கார நாற்காலி கிடைக்காது. ஈரோட்டில் வருமான வரிக் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் தொழில். நான் வரி ஆலோசகர்தான், ஆனால் ஊரில் எல்லோருக்கும் ‘ஆடிட்டர்’. போன ஜூலைக் கூட்டத்துக்கு நடுவில் தறி வைத்திருக்கும் ஒரு தம்பதி வந்தார்கள். பத்து வருடப் பழக்கம். எப்போதும் பாஸ்புக்கும் பில்களும் ஒரு மஞ்சப்பையில் வரும். இந்த முறை அந்த அம்மா செல்போனை எடுத்து மேசை மேல் வைத்தார்.

“ஆடிட்டருங்க, இதுல வர்ற பணத்த எதுல காட்டறதுங்க?”

“என்ன பணம்மா இது?”

“பேசிவ் இன்கமுங்க. வெளம்பரம் பாத்தா வரும். நாம ஒண்ணும் பண்ண வேண்டாம், சும்மா உக்காந்திருந்தாலே வருமுங்க.”

வருமான வரியில் தலைப்புகள் ஐந்துதான். சம்பளம், வீட்டுச் சொத்து, தொழில், மூலதன ஆதாயம், இதர வருமானம். வரி உள்ள எந்த வருமானமும் இந்த ஐந்தில் ஒன்றில் போய் உட்கார்ந்தாக வேண்டும். எதில் உட்கார வைப்பது என்று பார்க்க நான் கேட்பது ஒரே கேள்வி: இதைக் கொடுப்பது யார், எதற்காகக் கொடுக்கிறார்? வேலை செய்ததற்கு முதலாளி கொடுக்கிறார். வீட்டில் குடியிருப்பதற்கு வாடகைக்காரர் கொடுக்கிறார். என் பணத்தை வைத்திருப்பதற்கு பாங்க் கொடுக்கிறது. அந்த அம்மாவிடம் கேட்டேன். “ஆப்புக்காரன் குடுக்கறானுங்க” என்றார். அவனுக்கு எங்கிருந்து வருகிறது என்றதற்குப் பதில் இல்லை.

கால்குலேட்டரை அவர்கள் பக்கம் திருப்பி வைத்துக் கணக்குப் போட்டோம். சேரக் கட்டியது 60,000 ரூபாய். நாளைக்கு 480 ரூபாய் வரும் என்று பேச்சு. மாதத்துக்கு 14,400. அதாவது நூற்றுக்கு மாதம் 24 வட்டி. மீட்டர் வட்டிக்காரரே வாய்விட்டுக் கேட்கக் கூசுகிற வட்டியை, விளம்பரம் பார்த்ததற்காக ஒருவன் தருகிறானாம். காசு வாங்கிக்கொண்டு பார்க்கிற கண்ணுக்கு எந்த விளம்பரதாரரும் இவ்வளவு விலை கொடுப்பதில்லை. அந்தக் கண் பொருள் வாங்காது. அப்படியானால் 480 ரூபாய் எங்கிருந்து வந்தது? அடுத்து வந்து சேர்ந்தவர் கட்டிய 60,000-லிருந்து. இந்த அம்மாவின் தங்கையும், தங்கையின் மாமியாரும் அப்படி அடுத்து வந்து சேர்ந்தவர்கள்.

இரண்டு மாதம் ஒழுங்காக வந்திருக்கிறது. பிறகு ‘சர்வர் அப்டேட்’. பிறகு, பணத்தை வெளியே எடுக்க வேண்டுமானால் 18 சதவீதம் ஜிஎஸ்டியை முதலில் கட்டுங்கள் என்று ஒரு மெசேஜ். அதைக் கட்டலாமா என்று கேட்கத்தான் உண்மையில் என்னிடம் வந்திருந்தார்கள். வரியை எதில் காட்டுவது என்பதெல்லாம் சுற்றி வளைத்துப் பேசிய பேச்சு. வரி வேலையில் இருக்கிறவன் என்ற முறையில் அழுத்திச் சொல்கிறேன்: உங்களுக்கு வர வேண்டிய பணத்தில் வரிப்பிடித்தம் இருந்தால், பிடித்ததுபோக மீதி கைக்கு வரும். பணத்தை விடுவிக்க முதலில் வரி கட்டு என்று எந்தத் துறையும் கேட்காது. அந்த மெசேஜ் வந்துவிட்டால் போட்ட பணம் போய்விட்டது என்று அர்த்தம். இன்னும் கட்டினால் அதுவும் போகும்.

இதைவிட மோசமான இன்னொன்றை இந்த வருடம் மூன்று பேரிடம் பார்த்தேன். வீடியோவுக்கு லைக் போட்டால் 50 ரூபாய், ஹோட்டலுக்கு நட்சத்திரம் கொடுத்தால் 100 ரூபாய் என்று டெலிகிராமில் வருகிற வேலை. முதலில் நிஜமாகவே பணம் வரும். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் கணக்கிலிருந்து யுபிஐ-யில் வரும். அந்த யாரோ, வேறு மாநிலத்தில் இதே வலையில் விழுந்து பணத்தைப் பறிகொடுத்தவர். அவர் புகார் கொடுத்ததும் அந்த ஊர் சைபர் போலீஸ், பணம் போன வழியெல்லாம் கணக்குகளை முடக்கச் சொல்லும். ஒரு கல்லூரிப் பையனுக்கு வந்தது மொத்தமே 2,150 ரூபாய். முடங்கியதோ அப்பாவும் சேர்ந்து வைத்திருந்த கூட்டுக் கணக்கு. அவருடைய சம்பளம் வருவதும் அதில்தான், வீட்டுக் கடன் தவணை போவதும் அதில்தான். பாங்கில் ‘லீன் (பணத்தை எடுக்கத் தடை) போட்டிருக்கு, எங்க கையில இல்லை’ என்றார்கள். பார்த்தே இராத ஒரு ஊரின் போலீஸ் நிலையத்துக்கு நாலு மாதம் மெயில் எழுதிக்கொண்டிருந்தார் அந்த அப்பா.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்பு என்ற பெயரில் எத்தனை குடும்பம் சேமிப்பை இழந்தது என்று ஊருக்கே தெரியும். அதிலாவது கோழிக்குத் தண்ணி காட்ட வேண்டியிருந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. அனுமதி பெறாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் 2019-ம் வருடச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கென்று முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1997-லேயே வந்துவிட்டது. நிறையப் பேருக்குத் தெரியாதது 1978-ம் வருடப் பணச் சுழற்சித் திட்டத் தடைச் சட்டம். அதன்படி இப்படிப்பட்ட திட்டத்தை நடத்துவது மட்டும் குற்றம் இல்லை, உறுப்பினராகச் சேர்வதும் குற்றம்தான். தங்கையைச் சேர்த்துவிட்ட அக்காவின் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள். ஏமாந்தது தெரிந்த உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும். பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவுவதற்குள் பிடித்தால்தான் உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு வாரம் கழித்து வருகிறவர்களுக்குக் கிடைத்து நான் பார்த்ததில்லை.

சரி, ஆன்லைனில் நேர்மையாக வரும் பணமும் உண்டு: பிளாக், அதாவது இணையத்தில் கட்டுரை எழுதி, அதில் வரும் விளம்பரத்தால் கிடைக்கிற காசு. அதே ஜூலையில் பிளாக் எழுதும் கோபிக்காரர் ஒருவரின் கணக்கையும் போட்டேன்.

அவர் எழுதுவது பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று பற்றி. பட்டா பெயர் மாற்ற எந்த இணையதளம், எந்தப் பட்டன், என்னென்ன ஆவணம் என்று திரையைப் படம் பிடித்துப் போட்டு விளக்குவார். தொடங்கியது 2018-ல். அந்த வருடம்தான், பக்கத்தில் விளம்பரம் போட்டு எழுதுகிறவருக்குப் பங்கு கொடுக்கும் கூகுள் ஆட்சென்ஸ், தமிழ்ப் பக்கங்களை ஏற்கத் தொடங்கியது. அதற்கு முன் தமிழில் எழுதியவர்களுக்கு அந்த வாசலே திறக்கவில்லை. 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க கூகுள் தபாலில் ஒரு பின் நம்பர் அனுப்பும். அந்தக் கடிதத்தைப் பணம் வந்த மாதிரி சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார் அவர் அம்மா. ஆனால் கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் கைக்கு வரும். அதற்கு அவருக்குப் பதினாலு மாதம் ஆனது. கிட்டத்தட்ட ஏழாயிரம் ரூபாய், பாங்க் கட்டணம் போகக் கொஞ்சம் குறைவு. அதுவரை டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் அவர் கட்டியதே அதற்குப் பக்கத்தில் இருந்தது.

மேலே ஏறியதும் உண்டு. 2022-23 நிதியாண்டில் விளம்பரத்தில் மட்டும் 3,90,000 ரூபாய் காட்டினோம். நிலம், கடன் சம்பந்தப்பட்ட பக்கங்களுக்கு விளம்பர விலை கொஞ்சம் கூடுதல். அதே அளவு கூட்டம் வரும் சமையல் பிளாக் வைத்திருக்கிற இன்னொரு வாடிக்கையாளருக்கு அதில் பாதிகூட வரவில்லை. அதற்குப் பிறகு இறக்கம். 2023 செப்டம்பரிலும் 2024 மார்ச்சிலும் கூகுள் தன் தேடல் முறையை மாற்றியது. சிறிய தளங்கள் பலவற்றுக்கு அடி விழுந்தது, இவருக்கும் விழுந்தது. இப்போது தேடினால் மேலேயே ஏஐ பதில் சொல்லிவிடுகிறது, கீழே இறங்கி வந்து படிப்பவர் குறைவு. போன வருடக் கணக்கில் விளம்பர வருமானம் 1,40,000.

“எழுதி வச்சுட்டா தூங்கும்போதும் காசு வரும்னு சொல்றாங்களே?” என்று அவரிடமே கேட்டேன்.

“சார், அரசாங்கம் வெப்சைட்ட மாத்திட்டே இருக்குதுங்க. ஒரு பட்டன் இடம் மாறுனா நாப்பது கட்டுரைல படம் மாத்தோணும். மாத்தலைன்னா மூணே மாசத்துல ஆள் வராதுங்க. தூங்கறது எங்கீங்க?”

அவர் கணக்கில் எனக்குச் சுவாரசியமாக இருந்தது வேறு வரவு. கட்டுரையைப் படித்துவிட்டு, ‘எங்களுக்கு நீங்களே பண்ணித் தர முடியுமா’ என்று கேட்டு வந்தவர்கள் நிறைய. அவர்களுக்காகப் பேருந்து நிலையம் பக்கத்தில் சின்னதாக ஒரு ஆன்லைன் சென்டர் போட்டார். அதில் வந்த கட்டணம் 2,60,000. விளம்பரத்தை அது தாண்டி இரண்டு வருடம் ஆகிறது. நான் பார்த்தவரை பிளாக்கில் நின்ற ஆட்கள் எல்லோருமே இப்படித்தான். விளம்பரக் காசு அவர்களுக்குக் கைச்செலவுக்கு. கடைப் பலகை மாதிரி பிளாக் வெளியே தொங்கும், வியாபாரம் உள்ளே நடக்கும்.

குறுக்கு வழி பார்த்தவர்களும் என் பட்டியலில் உண்டு. ஒரு வாட்ஸ்அப் குழு, முப்பது பிளாக்கர்கள். ‘நீ என் விளம்பரத்தை அமுக்கு, நான் உன்னுடையதை அமுக்குகிறேன்’ என்று மொய் எழுதுகிற மாதிரி மாற்றி மாற்றிச் செய்துகொண்டார்கள். கூகுளுக்கு மொய்க் கணக்குப் புரியும். முக்கால்வாசிப் பேருக்குக் கணக்கு முடங்கியது, சேர்ந்திருந்த டாலரும் போனது. விலைக்கு விற்கிற ‘ரெடிமேட் ஆட்சென்ஸ்’ கணக்கும் அந்த வகைதான். இன்னொருவர் 15,000 ரூபாய் கட்டி ‘பிளாக்கில் மாதம் லட்சம்’ வகுப்புக்குப் போனார். வகுப்பு எடுத்தவருக்கு லட்சம் வந்தது நிச்சயம்.

நிஜமான பேசிவ் வருமானம் என்று ஒன்று உண்டா? உண்டு. ஆனால் அதற்கு முன்னால் பெரிய பணமோ பல வருட உழைப்போ போயிருக்கும். 7 சதவீத வட்டிக்கு டெபாசிட் போட்டு மாதம் 10,000 ரூபாய் பார்க்க வேண்டுமானால் 17 லட்சத்துக்கு மேல் வேண்டும். வாடகை என்றால், பவானி ரோட்டில் எட்டு லைன் வீடு வைத்திருக்கிற பெரியவரைக் கேளுங்கள். போன மாதம் என் முன்னால் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில் அவருக்கு மூன்று போன். மோட்டார் ஓடவில்லை, செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டது, மூன்றாம் நம்பர் வீட்டுக்காரர் சொல்லாமல் காலி செய்துவிட்டார். வாடகை வருமானத்தில் பராமரிப்புக்கென்று 30 சதவீதம் கழித்துக்கொள்ளச் சட்டமே விட்டிருக்கிறது என்று சொன்னேன். “பத்தாதுங்க” என்றார்.

ஆன்லைனில் சம்பாதிக்கிறவர்கள் என்னிடம் வருமுன் சரிபார்த்துக்கொண்டு வர வேண்டியது கொஞ்சம்தான். விளம்பரப் பணம் வெளிநாட்டிலிருந்து வந்தாலும் இங்கே வரி உண்டு. ‘டாலர்ல வருது சார், அதுக்கு வரி இல்லையாம்’ என்று இன்னமும் வருடத்துக்கு இரண்டு பேராவது சொல்கிறார்கள். பணம் வந்ததற்கான சான்றைப் பாங்கில் அவ்வப்போது கேட்டு வாங்கி வையுங்கள், மூன்று வருடம் கழித்துக் கேட்டால் அலைய விடுவார்கள். மொத்த வரவு வருடத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். வெளிநாட்டுக்குச் செய்யும் சேவை என்பதால் உறுதிப் பத்திரம் கொடுத்துவிட்டு வரி இல்லாமலே பில் போடலாம், ஆனால் பதிவு செய்திருக்க வேண்டும். கம்பெனிக்காரர் விமர்சனம் எழுதச் சொல்லிக் கொடுத்த போனை நீங்களே வைத்துக்கொண்டால் அதுவும் வருமானம். வருடத்துக்கு 20,000 ரூபாய் மதிப்பைத் தாண்டினால் அவர் 10 சதவீதம் பிடித்தம் காட்ட வேண்டும், உங்கள் பான் நம்பரில் அது தெரியும். செலவுக் கணக்கெல்லாம் வேண்டாம், மொத்த வரவில் 6 சதவீதத்தை லாபமாகக் காட்டினால் போதும் என்று யூடியூபில் யாராவது சொன்னால், பொருள் விற்றுக் கொடுத்து வாங்குகிற கமிஷனுக்கு அந்தச் சலுகை கிடையாது என்பதையும் சேர்த்துச் சொன்னாரா என்று பாருங்கள். பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டார்.

தறிக்கார அம்மா விஷயம் பாக்கி இருக்கிறது. ஜிஎஸ்டி மெசேஜுக்குப் பணம் கட்டவில்லை, அந்த மட்டும் நிம்மதி. பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறார்கள். தங்கை இன்னும் பேசுவதில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார்:

“அந்த கோபித் தம்பி மாதிரி நானும் எதாச்சும் எழுதலாமுங்களா? பாவு, நூல் வெலை, தறில எந்த ரிப்பேருக்கு என்ன பண்றதுன்னு எல்லாம் எனக்குத் தெரியுமுங்க.”

தாராளமாக எழுதலாம், அதைத் தெரிந்து எழுதுகிறவர்கள் குறைவு என்றேன். எழுதத் தொடங்கினால் முதல் வருடம் கைக்கு ஒன்றும் வராது என்பதையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். “ஒரு வருசமுங்களா? அதுக்குள்ள நான் தறில எத்தன பீசு எறக்கிருவேன்!” என்று சொல்லிவிட்டு மஞ்சப்பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அவர் கணக்கு சரிதான், நானும் ஒன்றும் சொல்லவில்லை.