பூன்டாக்கிங்: மலையில் பிறந்த சொல்லுக்குத் தமிழ் என்ன?

ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியில் அமெரிக்க மலைப்பகுதிக்குக் கிளம்புகிறவர்கள் காதில் சீக்கிரமே விழும் சொல் 'பூன்டாக்கிங்'. குடிநீர், மின்சாரம், கழிவுநீர் ஆகிய மூன்று இணைப்பும் இல்லாத பொது நிலத்தில் வண்டியை நிறுத்தி, வண்டிக்குள் இருப்பதை மட்டும் வைத்துத் தங்குவது என்பது இதன் பொருள். காசு கொடுக்காமல் தங்குவது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் கட்டணம் கிடையாதுதான். ஆனால் சொல்லின் உயிர் இணைப்பு இல்லாமையில் இருக்கிறது, இலவசத்தில் இல்லை.

வேர் ஆங்கிலம் அல்ல. பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழியில் 'புந்தோக்' என்றால் மலை; பினத்துபோ எரிமலையை அங்கே 'புந்தோக் பினத்துபோ' என்றுதான் சொல்வார்கள். 1899-இல் தொடங்கிய பிலிப்பைன்–அமெரிக்கப் போருக்குப் போன சிப்பாய்கள் அந்தச் சொல்லைத் தங்கள் வாய்க்கு ஏற்ப 'பூன்டாக்ஸ்' ஆக்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். மலை என்ற பொருள் கரைந்துபோய், 'எங்கேயோ இருக்கிற அத்துவானக் காடு' என்பது மட்டும் தங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து மரைன் படையினர் தங்கள் களக் காலணியையே 'பூன்டாக்கர்' என்றார்கள். நாம் பட்டிக்காடு என்று சொல்லும்போது வருகிற இளக்காரமும் இடையில் இதில் ஒட்டிக்கொண்டது. வீட்டு வண்டிக்காரர்கள் இதை வினைச்சொல்லாக்கியபோது அந்த இளக்காரம் கழன்று விழுந்தது. அத்துவானக் காடுதான் அவர்களுக்கு வேண்டியது.

இதற்குப் பக்கத்திலேயே புழங்கும் இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'டிரை கேம்பிங்' என்பது இணைப்பில்லாத எந்தத் தங்கலுக்கும் பொது. கட்டணம் வாங்கும் முகாம் திடலில் குழாய் இல்லாத இடமும் அதில் அடங்கும். அதை 'உலர் முகாம்' என்று பெயர்த்தால் மழை பெய்யாத முகாம் என்றுதான் தமிழில் படும். 'டிஸ்பர்ஸ்டு கேம்பிங்' என்பது அமெரிக்க வனத்துறையின் அலுவல் சொல், திடலுக்கு வெளியே சிதறித் தங்குவது. வரைபடத்திலும் அறிவிப்புப் பலகையிலும் தேட வேண்டியது இந்தச் சொல்லைத்தான்.

தமிழுக்கு வருவோம். 'வனாந்தர முகாம்' அத்துவானக் காடு என்ற பொருளை மட்டும் பிடிக்கிறது. 'இலவச முகாம்' பொருளையே திருப்பிவிடுகிறது. 'தற்சார்பு முகாம்' நெருங்கி வருகிறது. ஆனால் தற்சார்பு என்றால் வேண்டியதை நாமே விளைவித்துக்கொள்வது. சூரியத் தகட்டு மின்சாரம் தவிர இந்த வண்டியில் எதுவும் விளைவதில்லை. கொண்டுபோனதைச் செலவழிக்கிறோம், தீர்ந்தால் இறங்குகிறோம். கட்டிக்கொடுத்த சோறு எத்தனை நாளைக்கு என்று நம் ஊரில் கேட்பார்களே, அதே கணக்கு. ஆகவே 'கையிருப்பு முகாம்' என்பதே சரியான சொல் என்று உறுதியாகச் சொல்லலாம். கடைக்காரர் முதல் வங்கிக் கணக்கர் வரை எல்லோருக்கும் தெரிந்த சொல், பயணத் திட்டத்தையும் அதுவே கற்றுக்கொடுக்கிறது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள ஆர்கன்சா ஆற்றுப் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 3,094 மீட்டர் உயரத்திலுள்ள லெட்வில் அருகே உருவாகும் ஆறு, பியூனா விஸ்டா வழியாகச் சலைடாவுக்கு இறங்குகிறது. மேற்கே காலேஜியேட் சிகரங்கள். காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் 25 அடி வீட்டு வண்டியில் இருவர் போகிறார்கள், நன்னீர்த் தொட்டி 150 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். குடிக்க, சமைக்க ஆளுக்கு 4 லிட்டர். நனைந்ததும் குழாயை மூடி, சோப்பு போட்டபின் மறுபடி திறக்கும் குளியலுக்கு 10 லிட்டர். பாத்திரம், கை கழுவ, கழிப்பறைக்குச் சேர்த்து இன்னும் 4. நாளுக்கு 36 லிட்டர், ஆக 4 நாள். குளித்த நீரும் பாத்திர நீரும் போகும் சாம்பல்நீர்த் தொட்டி பல வண்டிகளில் நன்னீர்த் தொட்டியைவிடச் சிறியது. உள்ளே தண்ணீர் மிச்சம் இருக்கும்போதே அது நிரம்பி, குளியல் தொட்டியின் வடிகால் வழியே எதிர்த்து மேலே வரும். ஆகவே காலி இடமும் ஒரு கையிருப்புதான். பலர் கணக்கில் சேர்க்க மறப்பதும் அதைத்தான். மலத்தொட்டியின் வால்வை எப்போதும் மூடியே வையுங்கள். திறந்திருந்தால் நீர் வடிந்துபோய்க் கெட்டி மட்டும் கூம்பாகக் குவிந்து இறுகிவிடும். கழிவு இறக்கும் நிலையத்தில் முதலில் மலத்தொட்டி, அடுத்துச் சாம்பல்நீர்; அந்த நீரே குழாயை அலசிவிடும்.

மின்சாரத்தில்தான் முதல் ஏமாற்றம் வரும். 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி இரண்டு இருந்தால், கெடாமல் எடுக்கக்கூடியது பாதி, அதாவது 100. வண்டிக்குள் சூடு தரும் வெப்ப அடுப்பின் விசிறி சுமார் 8 ஆம்பியர் இழுக்கும். குளிர்ந்த இரவில் 5 மணி நேரம் ஓடினால் 40 போயிற்று. விளக்கும் தண்ணீர்ப் பம்பும் 15. இரண்டாம் இரவு தாண்டாது. 200 வாட் சூரியத் தகடு நல்ல வெயிலில் நாளுக்கு 60 வரை திருப்பித் தரும். ஆனால் பைன் மர நிழலிலோ, வெயில் தாமதமாக இறங்கும் பள்ளத்தாக்கிலோ அதில் பாதி கிடைத்தாலே அதிகம். லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் அதை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது.

அந்த வெப்ப அடுப்பின் எரிவாயுக் கணக்கும் இப்படித்தான். 9 கிலோ சிலிண்டர், மணிக்கு 30,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) எரிக்கும் அடுப்புக்கு ஏறக்குறைய 14 மணி நேரம் வரும். அப்படிப்பட்ட இரவுகள் மூன்றுக்குக்கூட மட்டுமட்டு. உயரம் வேறு வரி வசூலிக்கிறது. 300 மீட்டருக்குச் சுமார் 3 விழுக்காடு வீதம் ஜெனரேட்டரின் திறன் குறையும். காற்று மெலிவதால் எரிவாயுக் குளிர்பெட்டியின் சுடர் அணையலாம், காலையும் மாலையும் எட்டிப் பாருங்கள். பியூனா விஸ்டா உயரத்தில் தண்ணீர் 92 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேக நெடுநேரமாகும். பிரஷர் குக்கர் எரிவாயுவை மிச்சப்படுத்தும்.

இடம் பிடிக்கும்போது ஆற்றிலிருந்து 60 மீட்டராவது தள்ளி நிறுத்துங்கள். ஜூனில் பனி உருகி ஆறு பெருகும்; பகல் வெயிலில் மேலே உருகியது கீழே வந்து சேர இரவாகிவிடும். மாலையில் காய்ந்து கிடந்த கூழாங்கல் திட்டு விடியலில் நீருக்குள் இருக்கலாம். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழை உண்டு, உலர்ந்த ஓடைப் படுகையில் நிற்கவே வேண்டாம். எந்தக் காட்டுச் சாலையில் வண்டி போகலாம் என்பதை வனத்துறையின் இலவச மோட்டார் வாகன வரைபடம் காட்டும். பொது நிலத்தில் பொதுவான வரம்பு 28 நாளில் 14 நாள். குறியிட்ட இடத்தில் மட்டும் தங்கலாம் என்ற விதி உள்ள பகுதிகளும் இருப்பதால் உள்ளூர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சொல்லைப் புழங்கும் விதம்: 'சலைடாவில் தண்ணீர் பிடித்துக்கொண்டு மேலே கையிருப்பு முகாம் போடுகிறோம்.' 'உங்கள் கையிருப்பு எத்தனை நாள்?' என்று கேட்டால், தண்ணீர், மின்சாரம், எரிவாயு, தொட்டியின் காலி இடம் ஆகிய நான்கில் எது முதலில் தீருமோ அந்த நாளைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும்.