ஆக்சஸிலிருந்து எக்ஸெல்லை இயக்கும்போது பிழையின் வாயை அடைக்காதீர்கள்

போடிநாயக்கனூரிலும், மலைக்கு மேலே இடுக்கி மாவட்டத்துப் புத்தடியிலும் நடக்கும் ஏலக்காய் மின்னணு ஏலத்தை ஒட்டித் தொழில் செய்யும் வியாபார அலுவலகங்கள் சிலவற்றில் கணக்கு ஆக்சஸ் தரவுத்தளத்தில் இருக்கிறது. தோட்டக்காரருக்கும் ஆடிட்டருக்கும் போக வேண்டிய பட்டியலை மட்டும் எக்ஸெல்லில் கேட்கிறார்கள். ஆகவே, ஒரு பட்டனை அழுத்தினால் ஆக்சஸே எக்ஸெல்லைத் திறந்து, லாட் எண் (ஏலத்துக்கு வைத்த ஒவ்வொரு சரக்குத் தொகுதியின் எண்), எடை, கிலோ விலை ஆகியவற்றை நிரப்பிச் சேமிக்கும்படி, ஆக்சஸுக்குள்ளேயே உள்ள நிரல்மொழியான விபிஏயில் நிரல் எழுதப்படுகிறது. இத்தகைய நிரல்களைப் பழுதுபார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிழை வந்து பாதியில் நின்ற நிரலால் கணக்கு கெடுவது அரிது, பிழையை விழுங்கிவிட்டு, எல்லாம் சரியாக முடிந்ததைப் போல ஓடி முடிக்கும் நிரல்தான் கெடுக்கிறது.

விழுங்க வைப்பது 'ஆன் எரர் ரெசூம் நெக்ஸ்ட்', அதாவது 'பிழை வந்தால் அடுத்த வரிக்குப் போ' என்ற ஒற்றை வரி. அதை நிரலின் தலையில் எழுதிவிட்டால், வேறொரு 'ஆன் எரர்' வரி வரும் வரை, அல்லது அந்த நிரல்கூறு முடியும் வரை, எந்தப் பிழையும் வெளியே தெரியாது. ஒவ்வொரு தோட்டக்காரருக்கும் ஒரு ஷீட் உள்ள ஒர்க்புக்கில் (எக்ஸெல் கோப்பில்), யாரோ ஒரு ஷீட்டின் பெயரை மாற்றிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய பெயரைத் தேடும் வரியில், அப்படி ஒரு ஷீட் இல்லை என்பதற்கான 9 என்ற பிழை எழ வேண்டும், அது மறைக்கப்படுகிறது. ஷீட்டைக் குறிக்கும் மாறியோ (நிரல் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளும் பெயர்) காலியாவதில்லை, முந்தைய சுற்றில் பிடித்த ஷீட்டையே தொடர்ந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. விளைவாக, ஒருவருடைய லாட்டுகள் இன்னொருவருடைய ஷீட்டின் மேல் எழுதப்பட்டு, 'பட்டியல் தயார்' என்ற செய்தியும் திரையில் வந்துவிடும். அந்த வரிக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு: எக்ஸெல் ஏற்கெனவே திறந்திருக்கிறதா என்று 'கெட்ஆப்ஜெக்ட்' மூலம் பார்க்கும்போது, திறந்திராவிட்டால் 429 என்ற பிழை வரும், அதை மட்டும் தாண்டிவிட்டு, அடுத்த வரியிலேயே, பிழைகளை மறைப்பதை நிறுத்தும் 'ஆன் எரர் கோட்டு 0' என்ற வரியை எழுதிவிட வேண்டும்.

மற்ற இடங்களிலெல்லாம் பிழை வந்தால் ஒரு குறிப்பிட்ட பகுதிக்குத் தாவும்படி எழுதுவதே முறை. அங்கே போனவுடன் பிழை எண்ணையும் விளக்கத்தையும் தனி மாறிகளில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் அடுத்து வரும் 'ரெசூம்' (பிழைப் பகுதியிலிருந்து நிரலுக்குத் திரும்பும் வரி) அல்லது 'ஆன் எரர்' வரி அவற்றைத் துடைத்துவிடும். எண் மட்டும் போதாது. கோப்பு இல்லாததற்கும், பூட்டிய ஷீட்டில் எழுத முயன்றதற்கும் எக்ஸெல் ஒரே 1004ஐத்தான் தரும் என்பதால், எந்தத் தோட்டக்காரர், எந்த லாட், நிரலின் எந்தக் கட்டம் என்பதையும் ஆக்சஸிலேயே ஓர் அட்டவணையில் பதிந்துவிடுவது நல்லது. பிழை கையாளும் பகுதிக்குள்ளேயே இன்னொரு பிழை எழுந்தால் அதை அதே பகுதி பிடிக்காது என்பதால், 'ரெசூம்' கொடுத்து வெளியேறிய பிறகுதான் துப்புரவு வேலையைத் தொடங்க வேண்டும்.

துப்புரவு என்பது ஒர்க்புக்கைச் சேமிக்காமல் மூடுவதும், எக்ஸெல்லுக்கு 'குவிட்' கொடுப்பதும், மாறிகளை விடுவிப்பதும்தான். ஆனால் அந்த எக்ஸெல் நம் நிரல் திறந்ததா, கணக்காளர் ஏற்கெனவே திறந்து வைத்திருந்ததா என்று தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ளாமல் மூடினால், அவர் பாதி தட்டச்சு செய்த வேறொரு ஒர்க்புக்கையும் சேர்த்து மூடப் போய்விடுவோம். மூடாமலே விட்டாலோ, திரையில் தெரியாத எக்ஸெல் டாஸ்க் மேனேஜரில் தங்கி, அடுத்த முறை அதே கோப்பைத் திறக்கும்போது 'படிக்க மட்டும்' என்று மறிக்கும்.

முதல் முறை ஓடி, இரண்டாம் முறை 462 என்ற பிழையோடு (எக்ஸெல்லோடு தொடர்பு கிடைக்கவில்லை என்று பொருள்) நிற்கும் நிரலைக் கண்டால், பலர் கணினியைத்தான் பழிக்கிறார்கள்; ஆக்சஸை மூடித் திறந்தால் சரியாகிவிடுவதால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. ஷீட்டின் கட்டங்களைக் குறிக்கும் 'ரேஞ்ச்', 'செல்ஸ்' போன்றவற்றுக்கு முன்னால் எந்த ஷீட் என்று சொல்லாமல் எழுதியதே பெரும்பாலும் காரணம். 'ரேஞ்ச்' என்பதன் அடைப்புக்குறிக்குள் வரும் 'செல்ஸ்'க்கும் ஷீட்டைச் சொல்ல வேண்டும்.

பிழை எண்ணே எழாத பிழைகளும் உண்டு. எக்ஸெல் எண்களை 15 இலக்கம் வரை மட்டுமே துல்லியமாக வைத்திருக்கும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணைச் சாதாரண செல்லில் எழுதினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். எழுதுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். எக்ஸெல்லின் பழைய கோப்பு வடிவமான எக்ஸ்எல்எஸ் 65,536 வரிசைகளுக்கு மேல் ஏற்காது. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டதற்கு இந்த வரம்பே காரணம் என்று செய்திகள் வெளியாயின. நம் ஊர் ஏலப் பட்டியல் அவ்வளவு நீளாதுதான். ஆனால் வரிசை விடுபட வேறு வழிகளும் உண்டு. எனவே, எழுதி முடித்ததும் ஷீட்டில் உள்ள வரிசைகளையும் மொத்த எடையையும் நிரலே ஆக்சஸோடு ஒப்பிட்டு, ஒரு கிலோ வேறுபட்டாலும் சேமிக்காமல் நிறுத்தி, வேறுபாட்டைத் திரையில் காட்டும்படி எழுதுங்கள்.